கேணித் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கான அறிக்கை

அன்புடைய அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

எங்கள் அம்மன் கோவில் கேணியின் திருப்பணி மாரிமழை தொடங்குமுன் நிறைவெய்தியது. வரவு செலவுக் கணக்கு, கணக்காய்வாளரின் ஒப்பத்துடன் கோவில் அறிவித்தல் பலகையில் உள்ளது.

கேணி தூர்ந்ததற்கு முதற்காரணம் ஆள் இல்லாமை. 1981 குடிசன மதிப்பீட்டில் ஏழு இலட்சத்தைத் தாண்டி நின்ற யாழ்ப்பாண மாவட்டம், 2012இல் ஆறு இலட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. எங்கள் குறிச்சியிலும் பல வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஊர் கூடிச் சேறு அள்ளும் வழக்கமும் அதோடு நின்றது. ஆனால் இருப்பவர்களுக்குத் தோட்டம், பனைச் சீவல், கடல், ஆடுமாடு எல்லாமே இந்த நீரோடு கட்டுண்டவை. வேலையை அந்தக் கண்ணோடுதான் செய்தோம்.

அடியில் கொங்கிறீற் போடும்படி சிலர் கேட்டார்கள். சபை இணங்கவில்லை. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். அது உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவர் தள்ளி நிற்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் அந்த 40 அடி அளவுக்கு ஏறப் பார்க்கும். அடியை அடைத்தால் கேணி நிறையும், சுற்றியுள்ள கிணறுகள் கெடும். அதேபோல் பழைய களிப்படையையும் உடைக்கவில்லை. உடைத்தால் கல்வெடிப்பு வழியே நீர் ஒரேயடியாக இறங்கி, கோடையில் மாட்டுக்கும் மிஞ்சாது. களி தெரிந்த இடத்தில் மண்வெட்டியை நிறுத்தினோம்.

நீரை ஆவணியில், நாளுக்குக் கொஞ்சமாகவே இறைத்தோம். விரைந்து இறைத்தால் சுவருக்குப் பின்னால் ஊறிய மண் சுவரை உள்ளே தள்ளிவிடும். பொழிகல், அதாவது செதுக்கிய கல், கொண்டு கட்டிய சுவர்களுக்குச் சீமெந்து பூசவில்லை. அது ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைப்பதால் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு சேர்த்து இடைவெளிகளை நிரப்பி, ஈரச்சாக்கு போர்த்தி ஆற விட்டோம். அரசங்கன்றுகளை வெட்டிவிடுவது போதாது. வேரோடிய கற்களைக் கழற்றி, வேரை எடுத்து, திரும்ப அடுக்கினோம்.

அள்ளிய சேறு தோட்டக்காரருக்குப் பகிரப்பட்டது. ஈரமாக வெங்காயத் தறையில் கொட்ட வேண்டாம். மண் இறுகி வெங்காயம் அழுகும். வெயிலில் காயவைத்து, கட்டியுடைத்து, மாட்டெருவோடு கலந்து போடுங்கள்.

கரைப் பனைகள் ஒன்றும் தறிக்கப்படவில்லை. அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்து நிற்கிறது, சீவல் தொழிலாளருக்கும் அவை வேண்டும். இடைவெளிகளில் பனங்கொட்டை ஊன்றியுள்ளோம். கிழங்குப் பாத்தியைக் கரையில் போடாதீர்கள், கிண்டும்போது கரை நெகிழும். மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கல்லை, மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இறங்க, கல்லடித்து இறுக்கி நிறுத்தினோம். மாடுகளுக்குத் தெற்குப்பக்கச் சரிவு உண்டு. வலை கழுவக் கேணிக்கு வெளியே தனித்தொட்டி கட்டியிருக்கிறோம். அதன் உப்புநீர் கேணிப் பக்கம் திரும்பாது.

வாய்க்கால் முகப்பிலுள்ள மண்தொட்டியை ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் துப்புரவாக்க வேண்டும். அது நிரம்பினால் மண் நேரே கேணிக்குள் வரும். இதற்கான முறைப்பட்டியல் கோவில் மடத்தில் உள்ளது. பெயர் கொடுக்காத வீட்டார் ஐப்பசிக்கு முன் செயலாளரிடம் பதிந்துகொள்ளவும்.

நிர்வாகசபை