வாடகை ஒப்பந்தமும் ஒத்திப் பத்திரமும்: வீட்டுக்காரர்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப் பகுதியைப் பல ஆண்டுகளாக வாடகைக்கு விட்டுவருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியிருந்த குடும்பம் நான்கு மாதமாக வாடகை தராமல் இழுத்தடித்தபோது, உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மாடிக்குத் தண்ணீர் ஏறும் குழாயை ஒருநாள் காலையில் அடைத்துவிட்டேன். அவர்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். நான் வழக்கறிஞரிடம் போனேன். பாக்கி வைத்தது அவர்களாக இருந்தாலும், அன்று சட்டத்தின் முன் குற்றம் செய்தவளாக நின்றது நான்தான் என்பதை அவர் எடுத்துச் சொன்ன பிறகே எனக்கு விளங்கியது. கையில் இருந்ததோ இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் மட்டுமே. என்னைப் போல் ஒரு வீட்டை நம்பி முதுமையைக் கழிப்பவர்கள் இம்மாவட்டத்தில் பலர் இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது; 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்துடன் விலகிவிட்டது. புதிய சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று நம் ஊரில் இன்னும் பலர் நம்புகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்னும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியிலிருந்து பிறந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதிலிருந்து வேறானது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் அது தேவை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சான்றாக முன்வைக்க முடியாமல் போகும்போது அதிகம் இழப்பவர் வீட்டுக்காரர்தான்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. வீட்டைக் காலி செய்தபின், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். இந்தக் கழிவில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. குடிவரும் நாளிலேயே சுவர், குழாய், மின்விசிறி, மின்மானி எண் ஆகியவற்றைக் குறித்து, படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால் அந்தச் சண்டை எழாது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

வாடகை வராவிட்டால் என்ன செய்வது? இரண்டு மாத பாக்கி சேர்ந்தபின் எழுத்து மூலம் கேட்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும்; அது கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் பணம் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தை நாடலாம். அதை விட்டுவிட்டுத் தண்ணீரை அடைப்பதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், பூட்டின் மேல் பூட்டுப் போடுவதும் நம் வழக்கை நாமே கெடுத்துக்கொள்ளும் செயல்கள். பழுதுபார்க்கவோ பார்வையிடவோ வீட்டுக்குள் போவதானாலும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிட்டே போக வேண்டும்.

நம் மாவட்டத்தில் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடியிருக்கவிட்டு, தவணை முடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்கும் ஒத்தி இங்கே மிகப் பரவலானது. “நம்ம ஆளுதானே, பத்திரம் எதுக்கு?” என்று ஒத்தியை வாய்ப்பேச்சிலேயே முடிப்பவர்களும் உண்டு. ஆனால் சொத்தை ஈடாகக் கொடுத்து, வட்டிக்கு ஈடாக அதை அனுபவிக்கவிடுவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் சொல்லும் அனுபவ அடமானம் ஆகும். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அத்தகைய அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஒத்திப் பணத்தை மகளின் திருமணத்துக்கோ மகனின் வளைகுடாப் பயணத்துக்கோ செலவழித்துவிட்டு, தவணை முடியும்போது திருப்பித் தர வழியில்லாமல் திகைக்கும் குடும்பங்களை நான் நேரில் அறிவேன். பணத்தைத் திருப்பித் தராமல் வீட்டைக் கேட்க முடியாது. ஆகவே எந்த வகையில் மீட்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு ஒத்திக்கு விடுவதும், தொகையை வங்கி வழியாகவே வாங்குவதும் நல்லது.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, அண்ணனோ மாமனாரோ வாடகை வாங்குவதும் இங்கே வழக்கம். அவ்வாறு அவருக்காக வாங்குபவருக்கு முறையான அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) வேண்டும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

அறைகளை மாணவருக்கும் வேலைக்கு வந்தவருக்கும் படுக்கைக் கணக்கில் விடுபவர்கள், தாம் கொடுப்பது அறையைத் தனி ஆளுகையில் விடும் குத்தகையா, தங்கிக்கொள்ள மட்டும் தரும் வெறும் அனுமதியா என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். தாளின் தலைப்பை மட்டும் பார்க்காமல், அறை யாருடைய தனி ஆளுகையில் இருக்கிறது என்பதையும் பார்த்தே நீதிமன்றம் முடிவு செய்யும். 1959-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. பெண்களைத் தங்கவைக்கும் விடுதியாக வீட்டை மாற்றுபவர்கள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். நான்கு கட்டில் போட்டுச் சமையலுக்கு ஆள் வைத்தால் போதும் என்று தொடங்குபவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

நாகர்கோவில் மாநகராட்சியும், பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை நகராட்சிகளும் வீட்டுவரி வாங்கும் இடங்களில், ஒப்பந்தத்தை எங்கே, எத்தனை நாட்களுக்குள், எந்த ஆவணங்களுடன் பதிவு செய்ய வேண்டும் என்பதை எளிய தமிழில் எழுதி வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வரி கட்ட வீட்டுக்காரர்கள் பலர் அங்கே வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வடசேரி, நாகர்கோவில்.