பேரிங்கை தனியா விக்கச் சொல்லுங்க: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: நுகர்வோர் நலத்துறை செயலாளர் அவர்கள்
பொருள்: ரிப்பேர் பண்ண முடியாதபடி பொருள் தயாரிக்கிறதை தடுக்க விதி கொண்டுவரக் கோருவது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு பாஷை எனக்கு வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க வாஷிங் மெஷின் ஏழாவது வருஷத்துல சத்தம் போட ஆரம்பிச்சுது, துணி பிழியுறப்போ பக்கத்து ரூம்ல தூங்குறவங்க எழுந்து உக்கார்ற அளவுக்கு. மெக்கானிக் டிரம்மை கையால சுத்திப் பார்த்துட்டு பேரிங் போயிடுச்சுன்னார். உள்ளங்கையில அடங்குற ஒரு இரும்பு வளையம், அவ்ளோதான். சரி மாத்திடுங்கன்னேன். அவர் டார்ச் அடிச்சு காட்டினார், டிரம்மை சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் டப்பை ரெண்டு பாதியா செஞ்சு, ஸ்க்ரூ போடாம உருக்கி ஒட்டிருக்காங்க, பிரிக்கவே முடியாது, மாத்தணும்னா டப், டிரம், பேரிங் மூணையும் செட்டாத்தான் வாங்கணுமாம், அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புது மெஷினே வந்துடுமாம். மோட்டார் நல்லா ஓடுது, போர்டுல ஒரு குறை இல்ல, எல்லாம் சேர்ந்து பழைய இரும்புக்குப் போச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல.

தேவைக்கு மட்டும் வாங்குங்க, பொறுப்பா வாங்குங்கன்னு எல்லாரும் எங்களுக்குத்தான் அட்வைஸ் பண்றாங்க. நானா ஆசைப்பட்டு வாங்கல ஐயா, வாங்க வெச்சாங்க. 2022ல மட்டும் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் குப்பைன்னு ஐநா கணக்கு, அதுல முறையா மறுசுழற்சிக்குப் போனதா பதிவானது கால்வாசி கூட இல்ல. எத்தனை மெஷின் ஒரே ஒரு பேரிங்குக்காக அதுல போய் விழுந்துச்சோ.

ரிப்பேர் பண்றது எவ்ளோ சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு கடையிலயே காட்டணும்னு பிரான்ஸ்ல 2021ல கொண்டு வந்துட்டாங்க. ஐரோப்பிய யூனியன்ல அதே வருஷம் மார்ச்லருந்து, ஒரு மாடலோட கடைசி வாஷிங் மெஷின் வித்து 10 வருஷம் வரைக்கும் பார்ட்ஸ் கிடைக்கணும், ஆர்டர் பண்ணா 15 வேலை நாள்ல வரணும். ஆனா அங்கயும் ஒரு ஓட்டை, டிரம்மையும் பேரிங்கையும் தனியாவும் தரலாம், சேர்த்தும் தரலாம்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்த "சேர்த்தும்" தான் எங்க மெஷினுக்கு எமன். நீங்க விதி எழுதுறப்போ தயவு செஞ்சு அந்த வார்த்தையை போடாதீங்க.

பேரிங், பம்ப், கதவு ரப்பர்னு தேயுற பார்ட் எதுவா இருந்தாலும் தனித்தனியா விக்கணும், கம்பெனி ஆளுக்கு மட்டும் இல்லாம வெளி மெக்கானிக்குக்கும் பார்ட்ஸும் சர்வீஸ் மேனுவலும் கிடைக்கணும், டப் ஒட்டினதா ஸ்க்ரூ போட்டதான்னு பெட்டி மேலயே போட்டிருக்கணும். விலை ஏறும்னு கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க, கொஞ்சம் ஏறட்டுமே, ரெண்டாவது மெஷின் வாங்குறதை விட கம்மிதானே.

புது மெஷின் வாங்குறப்போ இந்த டப் விஷயத்தை கேட்டுப் பார்த்தேன். சேல்ஸ்மேன் ஸ்பின் ஸ்பீடு சொல்றார், போன்லயே ஆன் பண்ணலாம்ங்கறார், நான் திரும்பத் திரும்ப கேக்கவும் "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம்"ன்னுட்டார்.

இப்படிக்கு,
ரெண்டாவது மெஷின் வாங்கின ஒரு நுகர்வோர்