மச்சாளுக்கு, அந்த இஸ்தான்புல் டிக்கெட்டைப் பற்றி

அன்புள்ள மச்சாள்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இஸ்தான்புல் ஒப்பரேஷன் விளம்பரப் படங்களை, ஆஸ்பத்திரியில் நைட் வேலை முடிந்து வந்துதான் பார்த்தேன். வயிற்றுத் தோலை வெட்டி இறுக்குவது, இடுப்புக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது, ஹோட்டல், கார் எல்லாம் ஒரே விலையில், 5 நாளில் திரும்பவும் லண்டன். இரண்டு சிசேரியனுக்குப் பிறகு கண்ணாடி முன்னால் நிற்க நீ படும் பாடு எனக்குத் தெரியும், ஆசைப்படாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த 5 நாள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த ஒப்பரேஷன் செய்தவர்கள் ஒரு வாரம், பத்து நாளாவது பொறுத்துத்தான் பிளேன் ஏற வேண்டும் என்று இங்கே சொல்வோம். பெரிய ஒப்பரேஷனே காலில் இரத்தம் கட்டியாக உறைய வழி செய்யும், அதற்கு மேல் நான்கு மணி நேரம் சீட்டில் அசையாமல் இருந்தால்? இழுத்துத் தைத்த வயிற்றோடு உன்னால் நிமிர்ந்து நடக்கக்கூட முடியாது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் நேரம் தராது.

தோலைத் தூக்கி இழுத்துத் தைக்கும்போது அதற்கு வரும் இரத்த ஓட்டம் குறையும், அதே நாளில் கொழுப்பையும் எடுத்தால் இன்னும் குறையலாம். இரத்தம் போதாத இடம் கறுத்துச் செத்துவிடும். எங்கள் வார்டில் அப்படி வந்தவர்களின் புண்ணுக்கு வாரக்கணக்காக மருந்து கட்டியிருக்கிறேன் மச்சாள். வெட்டிய டொக்டர் வேறு நாட்டில், கையில் வாசிக்கத் தெரியாத பாஷையில் ஒரு கடதாசி, உள்ளே என்ன செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கிருமியை இங்கத்தைய அரசாங்க ஆஸ்பத்திரிச் சேவையான என்எச்எஸ் பார்க்கும், உயிரைக் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் கோணலாகிப்போன தழும்பை அழகாக்கித் தர அதற்குக் கடமை இல்லை.

அப்புறம், எடுத்த கொழுப்பைப் பின்பக்கத்தில் ஏற்றலாம், கொஞ்சம் காசு கூடுதலாகக் கட்டினால் போதும் என்று அந்த ஏஜென்ட் பெண் எழுதியிருக்கிறாளே, அதற்கு மட்டும் சத்தியமாகத் தலையாட்டாதே. கொழுப்பு தசைக்குள் இறங்கிப் பெரிய இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் ஒப்பரேஷன் மேசையிலேயே செத்தவர்கள் இருக்கிறார்கள். 2018இல் பிரித்தானிய அழகுச் சிகிச்சை டொக்டர்களின் சங்கமே தன் ஆட்களிடம் இதைச் செய்யாதீர்கள் என்று சொன்னது.

துருக்கியில் நல்ல டொக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் உன்னோடு இதுவரை பேசியது ஒரு டொக்டரும் இல்லை, கமிஷன் வாங்கும் ஏஜென்ட்தான். 2024இல் துருக்கியில் சிகிச்சைக்குப் பிறகு ஆறு பிரித்தானியர்கள் இறந்ததாக இங்கே அரசாங்கமே பயண அறிவிப்பில் போட்டிருக்கிறது. உன்னை வெட்டப்போகிறவரின் பெயர் என்ன, அந்த இடத்துக்குத் துருக்கிச் சுகாதார அமைச்சின் அனுமதி இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பது யார், இங்கே வந்த பிறகு இரவு 3 மணிக்குக் காய்ச்சல் அடித்தால் யார் போன் எடுப்பார்கள், இதையெல்லாம் கேட்டு எழுத்தில் வாங்கு. சொல்லத் தயங்கினால் விட்டுவிடு.

மிச்சக் காசை இன்னும் அனுப்பாதே. சனிக்கிழமை எனக்கு லீவு, பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு அந்தக் கடதாசிகளோடு வா, இரண்டு பேரும் இருந்து வாசிப்போம். கட்டின முற்பணம் போனால் போகட்டும், பாதியை நான் தருகிறேன்.