கத்தரித்துத் தந்த மாத்திரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடல் கோளாறுகளுக்கு உணவுமுறையும் ஆன்டிபயாட்டிக்கும் தரும் பலன் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட ஐபிஎஸ் (வயிற்றுவலியோடு வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ அடிக்கடி வரும் குடல் கோளாறு) நோயாளிகளில் 100க்குச் சுமார் 41 பேருக்குக் குணம் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். 2011இல் வெளியான அதே ஆய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறத்தாழ 32 பேருக்குக் குணம் தெரிந்தது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மருந்தால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் 100க்கு 9 பேர்தான். அதுவும் மலச்சிக்கல் இல்லாத ஐபிஎஸ்ஸுக்கு மட்டும் நடந்த ஆய்வு.

என் கணவர் நான்கு வருடமாக வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் பேருந்து நிலையத்து மருந்துக்கடையில் நிற்பார். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நான்கு மாத்திரை வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். கடைசியில் குடல் நோய் மருத்துவரிடம் போனோம். "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அட்டைத் துண்டை நீட்டினேன். பெயர் வெட்டுப்பட்டு, 'சின்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் இருந்தன.

வயிற்றுப்போக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு வேறு. குடல் சத்துகளை உறிஞ்ச முடியாமல் போகும், வேலூரில் பல காலம் ஆராயப்பட்ட டிராபிகல் ஸ்ப்ரூ என்ற நோய்க்கு டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் மாதக்கணக்கில் கொடுப்பார்கள். கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கே மருந்தல்ல. அந்தத் தானியங்களை அறவே விட வேண்டும். பல கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதால் அந்த நோயாளிகள் ரசத்தில்கூடக் கவனமாக இருக்க வேண்டும். பரிசோதனை செய்யாமல் எது என்று யார் சொல்ல முடியும்?

என் கணவருக்கு ஐபிஎஸ் என்று உறுதியானது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய, குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளிக்கும் சில சர்க்கரை வகைகளைக் குறைக்கும் ஃபாட்மாப் உணவுமுறையை உணவியல் நிபுணர் சொல்லித் தந்தார். பலரும் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று அவரே வருத்தப்பட்டார். சில வாரம் விலக்கிய பிறகு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் அதன் உயிர். அப்படிப் பார்த்ததில் பாலால் இவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வெங்காயம்தான் ஆகவில்லை என்று தெரிந்தது. நான்கு வருடம் வீணாகக் காபியை விட்டிருந்தார்! இப்போது வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, துண்டுகளை வடித்தெடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கிறேன். தொந்தரவு தரும் பொருள் தண்ணீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது. மணம் மட்டும் இறங்கிவிடுகிறது.

இந்த உணவுமுறையை நம் சமையலுக்கு ஏற்ப ஓர் உணவியல் நிபுணரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுங்கள். ரொட்டி, பாஸ்தா பட்டியல் எங்களுக்கு உதவாது. வெங்காய சாம்பாரும் பூண்டுக் குழம்பும் கொண்டைக்கடலைச் சுண்டலும் அதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவண்ணாமலை