நலவாழ்வுப் பக்க ஆசிரியர்களுக்கு: அந்தக் கடைசி வரியை மேலே கொண்டுவாருங்கள்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் மருத்துவச் செய்திகளைத் தேர்ந்து வெளியிடும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

சிறு நகரம் ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா காலில் ஆறாத புண்ணோடு வந்தார். ரத்தத்தில் சர்க்கரை 380. நான் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை இரண்டு மாதங்களாக நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டதும் சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புகளில் சுண்ணாம்புக் கறை. "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே, ஐயா" என்றார்.

ஒரு மூலிகைச் சாறு சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வில் தெரியவந்திருக்கிறது என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பல்கலைக்கழகம், பேராசிரியர், படம் எல்லாம் இருந்தன. சாற்றைக் குடித்தவை எலிகள் என்ற தகவல் கடைசிப் பத்தியின் கடைசி வரியில் இருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டியவன் பேரன். அவன் அந்த வரி வரை போகவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்தியில் பொய் என்று ஒன்றும் இல்லை. ஆய்வு நடந்தது உண்மை, எலிகளுக்குச் சர்க்கரை குறைந்ததும் உண்மை. ஆனால் ஒரு முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வாசகருக்குச் சொல்லக்கூடியது அந்த ஒரு வரிதான். யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு, யாரோடு ஒப்பிட்டார்கள், நடுவில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், சென்னை சேத்துப்பட்டுக்குப் போனால் போதும். 1956இல் அங்கே காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. காசநோய் வந்தவரை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, பாலும் முட்டையும் நல்ல காற்றும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று உலகமே நம்பிய காலம் அது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் இன்றும் அந்தக் காலத்தைச் சுமந்து நிற்கிறது. ஆனால் இருந்த நோயாளிகளுக்கு ஈடாகப் படுக்கைகள் இல்லை. இடநெருக்கடியான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, மாத்திரை மட்டும் தின்றால் குணமாகுமா? அன்றைய கேள்வி அதுதான்.

அதற்கு விடை தேட நகரின் ஏழை நோயாளிகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்களை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கும் நோயாளியின் விருப்பத்துக்கும் விடவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். இந்த ஒரு காரியத்தின் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். மருத்துவரிடம் விட்டிருந்தால், இரக்கப்பட்டு, நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு வீட்டில் இருந்தவர்கள் நன்றாகத் தேறினால் அது மாத்திரையின் பலனா, முதலிலிருந்தே நோய் குறைவாக இருந்ததன் பலனா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம். வீட்டில் இருப்பவர் மாத்திரையை உண்மையில் விழுங்கினாரா என்று சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் தொற்றுகிறதா என்று ஐந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள்.

1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பது பின்னர் தெரிந்தது. உலகெங்கும் காசநோய் மருத்துவம் சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே நகரம், அதிகப் பேர் இல்லை, வீடு தேடி வரும் ஊழியர்கள், இலவச மருந்து. இந்தக் கண்காணிப்பு எதுவும் இல்லாத ஒரு கிராமத்திலும் இதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் நாம் கண்ணெதிரே பார்த்தோம். 2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை கொரோனாவுக்குப் பலன் தருகிறது என்று பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் 36 பேர். மருந்து எடுத்தவர்கள் முதலில் 26 பேர். அவர்களில் கணக்கில் வந்தவர்கள் 20 பேர்தான். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர், ஒருவர் குமட்டல் தாங்காமல் மருந்தை நிறுத்தியவர், மற்றொருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டவர். நோய் முற்றியவர்களையும் இறந்தவரையும் விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும். குலுக்கிப் பிரிக்கவும் இல்லை. அவர்கள் அளந்ததோ மூக்கில் கிருமி இருக்கிறதா என்பதை. உயிர் பிழைத்தார்களா என்பதை அல்ல. இவை எல்லாம் அந்தக் கட்டுரைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. மறைக்கப்படவில்லை. படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த நாட்களில் மருந்துக் கடைகளில் இந்த மாத்திரை தீர்ந்துபோனது. சரவாங்கி என்ற மூட்டுவாத நோய்க்காக ஆண்டுக்கணக்கில் இதை எடுத்துவந்த என் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள்.

அதே ஆண்டு பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் 1,561 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்து, கொடுக்காத 3,155 பேரோடு ஒப்பிட்டார்கள். எல்லாரும் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 27, எடுக்காதவர்களில் நூற்றுக்கு 25. மருந்து உயிரைக் காக்கவில்லை. பிரெஞ்சு ஆய்வு 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

ஆய்வில் குறை கண்டால் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. கசப்பான முடிவுதான், ஆனால் ஆய்வு பெரியது, கவனமாக நடத்தப்பட்டது. அதைப் படித்துவிட்டு 'பி.சி.ஜி. வீண்' என்று தலைப்புப் போட்டால் தவறாகிவிடும். பச்சைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயைப் பற்றிய கேள்வி வேறு. அதில் பி.சி.ஜி. பயன் தருகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறோம். எந்தக் கேள்விக்கு விடை தேடினார்களோ அந்தக் கேள்விக்கு மட்டும்தான் ஓர் ஆய்வால் விடை சொல்ல முடியும்.

சதவீதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆயிரத்தில் இருவருக்கு வரும் நோய் ஒருவருக்கு என்று குறைந்தால் அதை '50 சதவீதம் குறைந்தது' என்று எழுதலாம். கணக்கு சரிதான். ஆயிரத்தில் இரண்டு, ஒன்றானது என்று எழுதினால் என் பூக்கடை அம்மாவுக்கும் புரியும்.

உங்கள் வேலையின் அவசரம் எனக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்குச் செய்தி வருகிறது, ஏழு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். ஆனாலும் பெரும்பாலான ஆய்வுகளின் சுருக்கம் ஒரே பக்கம்தான். நான் கேட்ட நான்கு விவரங்களில் குறைந்தது மூன்று அதில் இருக்கும். இல்லாவிட்டால், இல்லை என்றே எழுதுங்கள், அதுவும் வாசகருக்குத் தகவல்தான். ஐயம் வந்தால் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறையினரைக் கேளுங்கள், ஆய்வைப் படிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. என்னிடம் அனுப்பினாலும் படித்துச் சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் நோயாளிகள் இருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு பொது மருத்துவர்