காப்பி சீசனில் ஒரு சனிக்கிழமை வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் ஏற்காடு மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. காலையில் பள்ளிக்கு வரும்போது சாக்குப் பையும் தூக்குவாளியுமாக உங்களில் பலரை வழியில் பார்க்கிறேன். தை வரைக்கும் இந்த ஓட்டம் இருக்கும். அப்புறம் மிளகு. ஆண்டில் கையில் நாலு காசு சேர்கிற மாதங்கள் இவைதான். அது தெரிந்தேதான் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமையை உங்களிடம் கேட்கிறேன். பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஒருவராவது அன்று காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வர வேண்டும். அப்பா, அம்மா வர முடியாவிட்டால் தாத்தா, பாட்டி, அண்ணன், சித்தி யார் வந்தாலும் சரி. அன்றைய கூலி போகும். ஆனாலும் ஏன் வரச் சொல்கிறேன் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளம்தான். பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஒரு மாணவி படித்தாள். நன்றாகப் படிப்பாள், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. கல்லூரியில் இடமும் கிடைக்கிற நிலை. ஆனால் சாதிச் சான்று கையில் இல்லை. விண்ணப்பிக்கப் போனபோது ஆதாரில் ஓர் இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் வேறு இனிஷியல். பதிவேட்டில் தப்பாக எழுதியது நம் பள்ளிதான். அதைத் திருத்தி, மறுபடி விண்ணப்பித்து, விசாரணை முடிந்து சான்று கைக்கு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அடுத்த ஆண்டு வந்து சேரச் சொல்லி ஆள் அனுப்பினோம். அதற்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். ஓர் எழுத்து மாறியதற்கு அவள் கொடுத்த விலை அது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் முதல் வேலை காகிதங்கள்தான். வரும்போது பிள்ளையின் ஆதார், உங்கள் ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெற்றோரின் சாதிச் சான்று வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டும். வகுப்பாசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கே மாறியிருந்தாலும் இப்போதே திருத்திவிடலாம். மே மாதத்தில் அதற்கு நேரம் இருக்காது.

சாதிச் சான்று பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மலையில் பெரும்பாலோர் மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். சேலம் மாவட்டத்தில் மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தருவதில்லை, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர் தொடங்கிக் கோட்டாட்சியர் வரை விசாரணை நடக்கும். பத்து நாளில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இன்னும் சான்று வாங்காதவர்கள் இந்த மாதமே விண்ணப்பித்தாக வேண்டும். வருமானச் சான்றும், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், அவை அவ்வளவு நாள் பிடிப்பதில்லை.

பேங்க் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அரசு தருகிற பணம் எல்லாம் நேராக அந்தக் கணக்குக்குத்தான் வரும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வரும். 2022ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இது. 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை வருகிறது. அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தருகிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. ‘படிக்க வைக்க வசதியில்லை சார்’ என்று என்னிடம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பிள்ளை உங்களுக்குப் பாரமாகாமல் படிக்கலாம். சரி, சோப்பு, பஸ், துணிமணி என்று செலவு வரத்தான் செய்யும், இல்லையென்று சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பிள்ளையைச் சேலத்தில் தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று சிலர் கடன் வாங்குகிறீர்கள். அக்கறையில் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த இரண்டு வருடத்தால் என்ன போகிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. 2020ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்குப் போனால் இந்த ஒதுக்கீடும் போகும், மாதம் வரவேண்டிய ஆயிரமும் போகும். கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டுக் கடனை வாங்கி வருவது எதற்கு? பத்தாம் வகுப்புப் பெற்றோர்களும் இந்த ஒரு விஷயத்துக்காகச் சனிக்கிழமை வந்து கேட்டுப் போகலாம்.

எல்லாப் பிள்ளைக்கும் பட்டப்படிப்பு பிடிக்கும் என்பதில்லை. மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில் ஒரு பையனுக்கு இருக்கிற கைத்திறனை நான் வகுப்பறைக்கு வெளியேதான் பார்த்தேன். அவனைப் போன்றவர்களுக்கு ஐடிஐ நல்ல வழி. மலை இறங்கினால் கோரிமேட்டிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. முன்னால் சொன்ன ஆயிரமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு ஆண்டுத் தொழிற்பிரிவை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் நேராக இரண்டாம் ஆண்டு. ஐடிஐ போனால் அத்தோடு படிப்பு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரை உங்களில் சிலர்தான் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டில் 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இந்த முறை தொடங்கியது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள், தேர்வில் தவறியவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு தொழில் கற்க நினைக்கிறவர்கள் ஆகியோருக்கானது இது. ஆறு மாதம், ஓராண்டு என்று குறுகிய காலத்தில் தையல், கணினி, நோயாளிகளைப் பராமரிப்பது போன்ற தொழில்களைக் கற்றுத் தருவார்கள். பாடத்தோடு நிறுத்தாமல் வேலை நடக்கிற இடத்திலும் பழக்குவார்கள். உங்கள் மூத்த பிள்ளை யாராவது பத்தாம் வகுப்போடு நின்று தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், அவரையும் சனிக்கிழமை அழைத்து வாருங்கள். நம் பழைய மாணவர் என்றால் அவருக்கும் நான்தான் பொறுப்பு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எங்கே சேர்ந்தாலும், சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் அல்லது எந்த அரசுத் துறையின் பெயரில் வரும் என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிந்ததும் வெளியூர் ஆட்கள் காரில் வந்து வீடு வீடாக ஏறுவார்கள். நர்சிங் சேர்த்துவிடுகிறோம், எல்லாம் இலவசம் என்பார்கள். ஒரிஜினல் மதிப்பெண் சான்றையும் டி.சி.யையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிடிக்கவில்லை என்று பிள்ளை திரும்பி வந்தால், முழுப் பணத்தையும் கட்டினால்தான் சான்று என்பார்கள். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்கள் என்னிடம் வந்து அழுதிருக்கின்றன. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால், தலைமையாசிரியரிடம் காட்டிவிட்டுத்தான் தருவோம் என்று சொல்லுங்கள். பழியை என் மேல் போட்டுக்கொள்ளலாம்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைச் சேலத்துக்குக் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப் போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் கல்லூரிகள். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அவற்றின் வாசலைக்கூட மிதித்ததில்லை. துணிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன சேலம்தான் அவர்களுக்குத் தெரியும். முதலில் கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் ஐடிஐயும். பிறகு செரி ரோட்டில் அரசு கலைக் கல்லூரி, 1857ல் தொடங்கிய பழைய நிறுவனம். அங்கிருந்து இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். 1960லிருந்து சேலத்தில் இருக்கிற இந்த நிறுவனத்தைப் பற்றி நம் மலையில் பேச்சே இல்லை என்பது எனக்கு வருத்தம். நாட்டில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் சிலவே இருக்கின்றன, அதில் ஒன்று நம் காலடியில். கைத்தறி, நெசவுத் தொழில்நுட்பத்தில் அங்கே மூன்றாண்டு டிப்ளமோ படிக்கலாம். நேரம் இருந்தால் கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரியையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுவோம்.

அந்தப் பஸ்ஸில் அம்மாக்களுக்காக ஆறு இடம் ஒதுக்கியிருக்கிறோம். பெண்ணை விடுதியில் விட மனசு வரவில்லை என்று போன ஆண்டு நாலைந்து தாய்மார்கள் சொன்னார்கள். அது நியாயமான பயம். வாயால் நான் எவ்வளவு சொன்னாலும் அது தீராது. நீங்களே வந்து விடுதி அறையைப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், சாப்பாடு எப்படி என்று அங்கே படிக்கிற பெண்களிடம் கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நான் வற்புறுத்த மாட்டேன். வர விரும்புகிற அம்மாக்கள் சனிக்கிழமை பெயர் கொடுத்துவிடுங்கள்.

சின்ன வகுப்புகளுக்கும் இரண்டு செய்தி. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுத்து நான்கு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறார்கள். இரண்டுக்கும் மாலை வகுப்பு நடக்கிறது. பிள்ளை ஐந்தரை மணிக்கு வீடு திரும்பினால் ஊர் சுற்றிவிட்டு வந்தான் என்று அடிக்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்புக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வும் இருக்கின்றன. தமிழில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இரண்டாவதை விடவே கூடாது, மாதம் 1,500 ரூபாய் இரண்டு ஆண்டுக்கு.

பறிப்பு நாட்களில் பெரிய பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகும் வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு உதவியாக வந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நானும் அப்படி வளர்ந்த பிள்ளைதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று வகுப்பு விட்டுப் போனால் அரையாண்டுத் தேர்வில் விழுந்துவிடுகிறார்கள். அந்த விழுதலிலிருந்து மார்ச்சுக்குள் எழுந்திருப்பது கஷ்டம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டுமாவது இந்த மூன்று மாதம் எங்களிடம் முழுசாக விட்டுவிடுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சீட்டு இணைத்திருக்கிறோம். சனிக்கிழமை யார் வருகிறார்கள், என்னென்ன சான்று இல்லை என்று அதில் பிள்ளையையே எழுதச் சொல்லி, நீங்கள் கையெழுத்துப் போட்டு வகுப்பாசிரியரிடம் புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். கைநாட்டு வைத்தாலும் சரி. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பஸ் தாமதமாகிவிட்டதே என்று திரும்பிப் போய்விட வேண்டாம், நாங்கள் மாலை 4 மணி வரை இருப்போம். அன்று மதியச் சாப்பாடு பள்ளியில். மழை பெய்தாலும் கூட்டம் நடக்கும்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியர்