அந்தப் புத்தகங்களைப் பூட்டி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதத்தில் ஒருவர் எழுதியிருந்தார். மனதைக் கலங்கடிக்கிற நாவல்களைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யாதீர்கள், ஒன்றைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தார். அவர் மிகைப்படுத்துகிறார் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்காமல் போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தானேயில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சயானிலிருந்து தானே வரைக்கும் ஸ்லோ லோக்கலில் போய்வருகிற நேரம்தான் நான் படிக்கிற நேரம். 2013இல் 'பரதேசி' படம் வந்தபோது, அதற்கு மூலம் 'எரியும் பனிக்காடு' என்று கேள்விப்பட்டுத் தேடி வாங்கினேன். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். கருப்பன், வள்ளி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி பஞ்சம் பிழைக்க நெல்லைச் சீமையிலிருந்து மலைக்குப் போகிறார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி இனிக்க இனிக்கப் பேசி, கையில் முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே போனால் குளிர், அட்டைக்கடி, மலேரியா, அடி உதை. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தது போக முன்பணக் கடன் தீராமல் நிற்கும், கடன் தீராமல் ஊர் திரும்ப முடியாது.

அந்த நாவலில் சாவு நிறைய. அதற்கெல்லாம் ரயிலிலேயே அழுதேன், பக்கத்தில் இருந்த மராத்திக்கார அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சாவு இல்லை, அந்த மேஸ்திரி. ஏனென்றால் எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற தாத்தாவும் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர்தான். ஐம்பதுகளில் தாராவியில் தோல் வேலைக்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவர். எத்தனை குடும்பத்தை வாழவைத்த மனுஷன் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள், நாங்களும் அதையே மற்றவர்களிடம் சொன்னோம்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடந்தது. சின்ன வயதில் அதில் நான் கோடு போட்டு விளையாடியிருக்கிறேன். நாவலை முடித்த அன்று ராத்திரி அதை எடுத்துப் பிரித்தேன். பெயர், டிக்கெட், சாப்பாடு, பாய் ஒன்று, போர்வை ஒன்று, எதிரே ஊதா மையில் கைநாட்டு. கீழே பாக்கி. அடுத்த பக்கம் போனால் அதே பெயர், அதே பாக்கி, கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒரு பெயரை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன், ஆறு பக்கம் வந்தது. ஆறாவது பக்கத்தில் அதை அடித்துவிட்டு 'காலமானான்' என்று தாத்தாவின் அழகான கையெழுத்து. அதற்குக் கீழ் வரியில் அவர் மகன் பெயர், பாக்கி 34 ரூபாய்.

தாத்தா யாரையும் கை நீட்டி அடித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். அவர் இருந்திராவிட்டால் அந்தக் குடும்பங்கள் ஊரில் பட்டினி கிடந்திருக்கும் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த 34 ரூபாயை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. எந்தப் பெரிய மனுஷர் வந்து சொல்லியிருந்தாலும் அந்த நோட்டை நான் அந்தக் கண்ணோடு பார்த்திருக்க மாட்டேன், ஒரு கதைப் புத்தகம் பார்க்க வைத்தது.

அந்தப் பெயருக்கு உரியவரின் பேரன் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறார், விடியற்காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்பவர். மூன்று மாதம் யோசித்துவிட்டு, ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கைநாட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க தாத்தாவுக்கு ஒரு போட்டோ கூட கிடையாதுக்கா" என்றார். அப்புறம் போனை எடுத்து அந்தக் கட்டைவிரல் ரேகையைப் படம் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் அம்மா விஷயம். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' 1977இல் வந்த நாவல், நிஜாம் காலத்து முடிவில் சிகந்தராபாதில் வளரும் சந்திரசேகரன் என்கிற பையனின் கதை. கிரிக்கெட், மாடு, கல்லூரி என்று போய்க்கொண்டிருக்கும். கடைசியில் கலவரத்துக்கு நடுவே ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய்விடுகிறான். தன் வீட்டு ஆட்களை விட்டுவிடச் சொல்லி ஒரு சின்னப் பெண் தன்னையே கொடுக்க அவன் முன்னால் வந்து நிற்கிறாள். அவன் யாரையும் எதுவும் செய்ய வந்தவன் இல்லை. ஆனால் அவள் கண்ணுக்கு அவன் யாராகத் தெரிந்திருக்கிறான், பாருங்கள்.

அதைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே தானாகச் சொன்னாள். 1993 ஜனவரி, மும்பையில் இந்து முஸ்லிம் கலவரம் நடந்த நேரம், அப்போது எனக்குப் பதிமூன்று வயது. எதிர்வீட்டில் மேலப்பாளையத்து முஸ்லிம்கள், ஒன்பது வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். ஒரு ராத்திரி, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்ல அப்பா அவர்கள் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த அக்கா கதவைத் திறந்ததும், இருட்டில் ஆம்பிளை நிற்கிறதை மட்டும் பார்த்துவிட்டு, கையில் இருந்த வளையலைக் கழற்றி நீட்டியிருக்கிறார். "இத எடுத்துக்கிடுங்க, புள்ளைகள ஒண்ணும் செஞ்சிராதீங்க." அப்பா வளையலும் கையுமாக நின்றாராம். "நாந்தாம்மா" என்று சொல்லக்கூட அவருக்குக் குரல் வரவில்லையாம். அவர்கள் அன்று எங்கள் வீட்டில் வந்து படுத்தார்கள். ஆனால் அதன் பிறகு அப்பாவும் அந்த அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை, ஆறு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மும்ப்ரா போய்விட்டார்கள். அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் மும்பையில் 900 பேர் இறந்ததாக கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொன்னது எனக்குத் தெரியும். எங்கள் வாசலில் நடந்த இது இருபது வருஷத்துக்கு மேல் எனக்குத் தெரியாது.

சரி, எல்லோரும் எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள், வாங்கினேன், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு வந்ததும் மூடிவிட்டேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் அப்படித்தான் போனாள். ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்ப எடுக்க முடிந்தது. அந்த ஒரு வருஷம் எனக்குத் தேவைப்பட்டது. உங்கள் புத்தகப் பகுதியில் ஒரு வரி, இதில் தீக்காயம் வருகிறது, இதில் குழந்தைச் சாவு வருகிறது என்று எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். கடிதம் எழுதிய அன்பருக்கும் அது போதும் என்று நினைக்கிறேன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், படித்தே தீர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது என்று. தூக்கிப் போடுகிற உரிமை அவருக்கு உண்டு. அடுத்தவர் கையிலிருந்து பிடுங்குகிற உரிமை எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் காட்டி, எங்கள் பகுதியில் நாங்கள் சந்தா போட்டு நடத்தும் சின்ன நூலகத்தில் ஒரு பெரியவர் 'எரியும் பனிக்காடு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இரண்டையும் எடுத்து இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டார். பிள்ளைகள் மனசு கெட்டுவிடும் என்று உண்மையாகவே பயப்படுகிறார், நல்ல மனுஷர். எங்கள் அண்ணன் மகள் பி.ஏ. இரண்டாம் வருஷம், கேட்டுப் போனவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நேற்று நானே போய் அவரோடு ஒரு மணி நேரம் பேசினேன், தாத்தாவின் நோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அப்பா பெயரும் அதில் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. சாவியைக் கொடுத்துவிட்டார். நோட்டை மட்டும் இன்று ஒருநாள் என்னிடம் இருக்கட்டும் என்றார், விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை